வலை அகற்றப்பட்ட படம்

சீனித்தம்பிக்கு வந்த கடிதத்தில் மூன்று நிபந்தனைகள் இருந்தன. தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. பரிசோதனைக்கு முந்திய இருபத்து நான்கு மணித்தியாலத்துக்குள் அழுதிருக்கக் கூடாது. வரும்போது மனத்தில் வேறு நினைவுகள் எதையும் கொண்டுவரக் கூடாது.

முதலாவதுக்காக அவர் வெள்ளென எழும்பி, கிணற்றடியில் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் தலை முழுகினார். இரண்டாவதுக்குத் தடை ஏதுமில்லை. மனைவியின் ஆண்டுத் திவசம் போன கிழமையே முடிந்துவிட்டது. மூன்றாவதுதான் சரிவரவில்லை. முந்தநாள்தான் வாவியைக் கடலிலிருந்து மறித்துக் கிடந்த மணலை முகத்துவாரத்தில் வெட்டிவிட்டிருந்தார்கள். மழைக்கு நிரம்பிக் கிடந்த வாவி கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அந்த இழுவையோடு இறால் ஓடும். நாலைந்து நாள் ஓட்டம், அவ்வளவுதான். களுவாஞ்சிக்குடிப் பக்கத்து வாவிக் கரை முழுக்க ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை எறிந்துகொண்டிருக்க, இவர் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினார். ஏறியதிலிருந்து வலது கால் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் காத்தான்குடியில் இறங்கும் வரைக்கும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடிதம், படிவம் என்று கந்தோர் வேலை மனைவி சின்னத்தங்கத்தினுடையது, தண்ணி வேலை சீனித்தம்பியினுடையது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மகன் பிரதீஸ் 2007இல், பதினேழு வயதில், அடையாள அட்டைக்குப் படம் எடுத்துவிட்டு வருகிறேன் என்று சந்தைக்குப் பக்கத்து ஸ்டூடியோவுக்குச் சைக்கிளில் போனான்; திரும்பி வரவில்லை. அப்படி ஒரு பொடியன் வரவேயில்லை என்றார் ஸ்டூடியோக்காரர். அன்றிலிருந்து சின்னத்தங்கம் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாள். பதினேழு வருசம். ஒரு புடைவைக் கடைப் பைக்குள் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தாள். அதில் பதில் கடிதங்கள் மாத்திரம் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றிலும் ஒரே இரண்டு வரிகள்: “தங்களது கடிதம் கிடைக்கப்பெற்றது. விடயம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது.”

சாவதற்கு இரண்டு நாளைக்கு முதல் அந்தப் பையைத் தலைமாட்டிலிருந்து இழுத்து அவர் மடியில் வைத்தாள். “ஃபைல மூட மட்டும் உட்டுராதீங்க,” என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த ஃபைலைத்தான் இப்போது மூடப் போவதாகக் கடிதம் சொன்னது. உருப்படத் தர அளவீட்டு நிலையம் என்று ஒன்று புதிதாகத் திறந்திருந்தார்கள். காணாமற்போனோர் கோப்புகளிலுள்ள ஒவ்வொரு படத்துக்கும் அங்கே தரச் சான்றிதழ் எடுக்க வேண்டும். தரம் மூன்றுக்குக் கீழே விழுந்தால் கோப்பு ‘உருவமற்றவை’ என்ற பட்டியலுக்கு மாற்றப்பட்டு, வருடக் கடைசியான மார்கழி முப்பத்தொன்றுடன் மூடப்படும்.

நிலையம் முன்னர் ஐஸ் அடித்த கட்டடம். சீனித்தம்பி அங்கே எத்தனையோ தரம் மீனுக்கு ஐஸ் வாங்கியிருக்கிறார். இப்போது கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். குளிர் மட்டும் மாறவில்லை.

கதவடியில் காவலாளி ஒரு வெள்ளைக் கடதாசியை அவர் தலையில் அழுத்தி, எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான்.

“எண்ணெய் இரிக்கு ஐயா.”

“அது பூசின எண்ணெய் இல்ல தம்பி. நாப்பது வருசமா மண்டைக்குள்ள ஊறினது.”

காவலாளி யோசித்தான். படிவத்தில் ‘உள்ளூறிய எண்ணெய்’ என்று ஒரு கட்டம் இல்லாததால் ‘இல்லை’ என்பதில் சரி போட்டான்.

“அழுத நீங்களா?”

“எப்ப?”

“இருபத்து நாலு மணித்தியாலத்துக்குள்ள.”

“இல்ல.”

“இதில கையெழுத்து வைங்க. மறுகா அழுத எண்டு தெரிய வந்தா நாங்க பொறுப்பில்ல.”

உள்ளே காத்திருந்தவர்களில் ஆமினா உம்மா என்ற ஏறாவூர்க் கிழவிக்கு அருகில்தான் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. எழுபத்தெட்டு வயது. இது அவருக்கு மூன்றாவது வரவு. கணவனின் கடவுச்சீட்டுப் படத்தைக் கையில் வைத்திருந்தார். காது தெரிய, நெற்றி தெரிய, அச்சொட்டான படம்.

“இது நல்ல படந்தானே உம்மா,” என்றார் சீனித்தம்பி.

“படம் நல்லந்தான் மனே. என்ட மூளதான் சரியில்லியாம். அவர்ர முகத்தக் கண்டா எனக்குக் கோவம் வருகுது. தொண்ணூறாம் ஆண்டு போகக்குள்ள அலுமாரியப் பூட்டி, திறப்பையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு மனிசன். கோவம் வந்தா நாலாந்தரமாம். கோவப்படாமப் பாருங்க எண்டு ரெண்டு தரம் திருப்பி அனுப்பிட்டாங்க.” பிறகு கீழே பார்த்தார். “நீ ஏன் மனே காலால தையல் மெசின் மிதிக்கிறாய்?”

சீனித்தம்பி காலை அமத்திப் பிடித்தார். கையை எடுத்ததும் அது திரும்பவும் ஆடத் தொடங்கியது.

ஒன்பதரைக்குப் பணிப்பாளர் வந்தார். கலாநிதி விஜிதரன். கழுத்துப் பட்டி கட்டியிருந்தார். பரிசோதனைக்கு முன் விண்ணப்பதாரிகளுக்கு விளக்கவுரை ஆற்ற வேண்டும் என்று நிலையத்தின் யாப்பு விதிகளில் இருந்தது. யாப்பை எழுதியவரும் அவரே.

“அன்பார்ந்தவர்களே, இதுவரை எமக்குப் பதினோராயிரத்துச் சொச்சம் படங்கள் கிடைத்துள்ளன. அவற்றைக்கொண்டு கண்டுபிடிக்கப்பட்டவர்களின் தொகை பூச்சியம். ஏன் என்று நாம் எம்மையே கேட்டுக்கொண்டோம். கூச்சப்படாமல் கேட்டுக்கொண்டோம். மூன்று வெளிநாட்டுப் பயணங்களின் பின்னர் விடை கிடைத்தது. நீங்கள் தந்த படங்களின் தரம் போதாது.”

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் தன் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

“படம் தெளிவா என்று உங்களிடம் கேட்டால் தெளிவு என்றுதான் சொல்வீர்கள். பெற்றவர்களின் வாய்மொழி நம்பத்தகுந்ததல்ல. இதை நான் மரியாதையுடன் சொல்கிறேன். ஆனால் மூளை பொய் சொல்லாது. நல்ல படத்தைக் கண்டால் மூளை அமைதியாக இருக்கும். தெளிவற்ற படத்தைக் கண்டால்தான் கிடந்து அவதிப்படும். அதேபோல் நல்ல படத்தில் கண் நேராக முகத்துக்குப் போகும். கெட்ட படத்தில் அலையும். இந்த இரண்டையும் அளந்துவிட்டால் உங்கள் அபிப்பிராயம் எமக்குத் தேவையில்லை.”

“அப்ப அவங்கள எங்கயாச்சும் தேடிப் பாத்த நீங்களா?” என்று கேட்டார் ஆமினா உம்மா.

“அம்மா, தேடுதல் எமது பணிப்பரப்புக்குள் வராது. நாம் தரத்தை மட்டுமே பார்க்கிறோம். இரண்டையும் செய்யப் போனால் இரண்டும் கெட்டுவிடும்.”

சொல்லிவிட்டு, கேள்வி கேட்டதற்காக நன்றியும் சொன்னார்.

சீனித்தம்பியின் இலக்கத்தைக் கூப்பிடும்போது பதினொரு மணி. இந்நேரம் கரையில் இரண்டாம் கூடையும் நிரம்பியிருக்கும். உள்ளே கஜானி என்ற பெண் பிள்ளை இருந்தாள்; இருபத்தைந்து வயது சொல்லலாம். கம்பிகள் தொங்கும் ஒரு தொப்பியை அவர் தலையில் மாட்டி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் குளிர்ந்த பசையை விட்டாள்.

“நோகாது ஐயா. உங்கட மூளையில ஓடுற மின்சாரத்த இது எடுக்கும். முன்னால இரிக்கிற இந்தக் கெமரா உங்கட கண் எங்க பாக்குது எண்டு எடுக்கும். நீங்க சும்மா பாத்துக்கொண்டு இரிந்தாச் சரி.”

“சும்மா இரிக்கிறதுதான் புள்ள எனக்குக் கஷ்டம்.”

முதலில் கண்ணைக் கருவிக்குப் பழக்க வேண்டும். திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி இடத்துக்கிடம் ஓடும். அதைக் கண்ணால் பின்தொடர வேண்டும். தொடங்கி அரை நிமிடத்தில் கருவி சத்தம் போட்டது. கஜானி மறுபடி தொடங்கினாள். மறுபடியும் சத்தம்.

“ஐயா, புள்ளி போன பிறகு பாருங்க. நீங்க புள்ளி வர முன்னமே அந்த இடத்தப் பாத்துக்கொண்டு இரிக்கிறீங்க.”

“அது போற போக்குத் தெரியுதே மகள். இருக்கிற இடத்தப் பாத்து எறிஞ்சா வலையில என்ன படும்? அது வாற இடத்தயெல்லோ பாக்கணும்.”

நாற்பது வருசப் பழக்கம். தண்ணீருக்குள் ஓடுவதை நேரே பார்க்கிறவனுக்கு ஒன்றும் அகப்படாது. ஒரு முழம் அங்கால் பார்க்க வேண்டும். எடுக்கப் போகிற மீனைப் பக்கத்து வலைக்காரனுக்குக் கண்ணால் காட்டிக் கொடுக்கவும் கூடாது. கஜானி இதைப் படிவத்தில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் ‘கண் முந்துகிறது’ என்று எழுதினாள். ஐந்தாம் முறையில் சீனித்தம்பி புள்ளியைச் செத்த மீன் என்று நினைத்துக்கொண்டார். கருவி ஏற்றுக்கொண்டது.

பிறகு மாதிரிப் படங்கள். ஒரு பூனை. ஒரு நீர்வீழ்ச்சி. நிலையத்தை மந்திரி ஒருவர் நாடா வெட்டித் திறந்து வைக்கும் படம். மந்திரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சீனித்தம்பிக்கு நித்திரை தூக்கியது. மூன்றரை மணிக்கு எழும்பிய உடம்பு. திரையில் மூளைக் கோடுகள் எல்லாம் படுத்துவிட்டன. பணிப்பாளர் உள்ளே வந்து பின்னால் நின்று பார்த்தார்.

“அமைதியைப் பாருங்கள். தரம் ஒன்று. இந்தப் படம் மட்டும் எப்போதும் தரம் ஒன்று. எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறோம், ஒருவருடைய மூளையிலும் ஒரு சலனம் கிடையாது.”

அதற்குப் பிறகு பிரதீஸின் படம் வந்தது.

சுனாமிக்குப் பிறகு வலை கொடுக்க வந்த ஒருவர் எடுத்த படம். பதினைந்து வயதுப் பிரதீஸ் முழங்கால் தண்ணீரில் நின்று புது வலையை எறிகிறான். வலை கையை விட்டுப் பாதி கிளம்பிய நேரம். அதன் மடிப்பு முகத்தின் பாதியை மறைத்திருந்தது. மறு பாதி அசைவில் கலங்கியிருந்தது. வேறு படம் இல்லை. தெளிவான படம் ஒன்று எடுக்கத்தான் அவன் போனான்.

கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் திரையின் மேல்விளிம்பில் முட்டி நின்றன. எங்கோ ஒரு சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. கஜானி அவசரமாக இரண்டு விசைகளை அழுத்தினாள்.

“தரம் ஐந்து,” என்றார் பணிப்பாளர், நோய் இன்னதென்று கண்டுபிடித்த வைத்தியரைப் போல. “பாவம், மூளை என்ன பாடுபடுகிறது பாருங்கள். இவ்வளவு மோசமான படத்தை நாம் இந்த வருடம் காணவில்லை. கண்?”

“கண் முகத்துக்குப் போகவே இல்ல சேர். முழுக்க வலப்பக்கக் கீழ்மூலையில நிக்குது.”

“அங்கே என்ன இருக்கிறது?”

“ஒண்டுமில்ல சேர். வெறுந் தண்ணி.”

பணிப்பாளர் கதிரையைத் திருப்பி அவருக்கு நேரே அமர்ந்தார். “பெரியவர், உங்கள் மகன் படத்தின் நடுவில் நிற்கிறார். நீங்கள் ஏன் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்க்கிறீர்கள்?”

“வலை அங்கதான ஐயா விழப் போகுது.”

“படத்தில் வலை விழாது.”

“அவன் முழங்கைய பதிச்சுப் போட்டான். எத்தின தரம் சொன்ன நான், ஒசத்து ஒசத்து எண்டு. அப்பிடி எறிஞ்சா வட்டமா விரியாது, ஒரு பக்கம் சுருண்டு...” சீனித்தம்பி தன் முழங்கையை உயர்த்திக் காட்டினார். தொப்பியின் கம்பிகள் இழுபட்டன. கோடுகள் இன்னும் ஒரு விரல் உயர்ந்தன.

“அசையாதீங்க ஐயா,” என்றாள் கஜானி மெதுவாக.

தாடைக்குத் தாங்கி வைத்து, நெற்றிக்குப் பட்டி போட்டு, இரண்டாம் முறை பார்த்தார்கள். இம்முறை முகத்தைத்தான் பார்ப்பது என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தொடங்கினார். மூன்று விநாடி பார்த்தார். பிறகு கண் முழங்கைக்கு இறங்கியது, அங்கிருந்து தண்ணீருக்குப் போனது, அங்கேயே நின்றது. தரம் ஐந்துக்குக் கீழே தரம் இல்லாததால் தரம் ஐந்து என்றே பதிந்தார்கள். மூன்றாம் முறைக்கு யாப்பில் இடமில்லை.

“அப்ப ஃபைல்?” என்றார் சீனித்தம்பி. கால் கதிரையோடு சேர்ந்து ஆடியது.

“கவலைப்படாதீர்கள். மக்களைக் கைவிடுவதற்காக இந்த நிலையம் திறக்கப்படவில்லை. மேம்படுத்தல் பிரிவு என்று ஒன்று இருக்கிறது.”

மேம்படுத்தல் பிரிவு என்பது அடுத்த அறையில் கணினியோடு இருந்த நிலோஜன் என்ற இளைஞன். அவன் இருபது நிமிடத்தில் படத்தை மேம்படுத்திக்கொண்டு வந்தான். திரையில் ஒரு பொடியன் தோன்றினான். நேரே பார்த்தான். தலை வாரியிருந்தது. கழுத்துப் பட்டை வைத்த நீலச் சட்டை போட்டிருந்தான். பல் எல்லாம் வரிசையாக இருந்தன.

“வலை எங்க?” என்று கேட்டார் சீனித்தம்பி.

“வலைய இரைச்சல், படத்துக்குத் தேவையில்லாதது எண்டு மெசின் கண்டுபிடிச்சு அகற்றிட்டு ஐயா,” என்றான் நிலோஜன். “தண்ணியும் அப்பிடித்தான். முகம் பாதிதான இரிந்தது, மத்தப் பாதிய அதுவே போட்டுட்டு. இரிந்த பாதியும் அதுக்குப் பொருந்தல்ல, அதையும் மாத்திட்டு.”

சீனித்தம்பி அந்தப் பொடியனைப் பார்த்தார். நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தான். எங்காவது வங்கியில் வேலை செய்கிறவனாக இருக்கலாம். கோடுகள் மெல்ல இறங்கி, தட்டையாகி, படுத்தன. கண் முகத்தின் நடுவில் நின்றது. போவதற்கு வேறு இடமும் இருக்கவில்லை.

“தரம் ஒன்று,” என்றார் பணிப்பாளர். கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டார். “காலையில் ஐந்து, மத்தியானம் ஒன்று. இதைத்தான் முன்னேற்றம் என்கிறோம்.”

“இது ஆர்ர புள்ள ஐயா?”

“யாருடையதும் அல்ல. இதன் சிறப்பே அதுதான். யாரும் வந்து உரிமை கோர முடியாது.”

“இவனத் தேடினா என்ர மகன் கிடைப்பானா?”

“நான் முன்னரே சொன்னேன். தேடுதல் எமது...”

“ஓம் ஓம். சொன்ன நீங்கதான்.”

இந்தப் புதுப் படத்தின் கீழ் கையெழுத்துப் போட்டால் கோப்பு மூடப்படாது. போடாவிட்டால் இந்த மாதம் முப்பத்தொன்றோடு சரி. சின்னத்தங்கம் நாற்பத்தொரு கடிதத்தையும் எப்படி வாங்கி, கதவடியில் நின்று எப்படி உரத்து வாசித்தாள் என்று அவருக்கு நினைவு வந்தது. அவள் கேட்டது ஒன்றுதான். பேனையை வாங்கி, ‘மேலுள்ள படம் எனது மகனுடையது என உறுதிப்படுத்துகின்றேன்’ என்ற வரிக்குக் கீழே தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினார். நீலச் சட்டைப் பொடியனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டார். அவனும் பாவம், ஒரு பேரும் இல்லாமல் இருந்தான்.

மேசையில் பிரதீஸின் பழைய படம் கிடந்தது. அவர் எடுக்கக் கை நீட்டினார். பணிப்பாளர் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

“மூலப்படம் திருப்பிக் கொடுக்கப்படுவதில்லை. ஒரு ஆளுக்கு இரண்டு முகம் இருந்தால் குழப்பம். தரம் ஐந்துப் படங்கள் இங்கே அழிக்கப்படும். அவை நாட்டில் இருக்கும் வரை எமது சராசரி உயராது.”

மூலையில் கடதாசி அரைக்கிற மெசின் ஒன்று இருந்தது. அதன் வாய்க்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளியில் நறுக்கிய கீலங்கள். ஒரு கீலத்தில் பள்ளிக்கூடச் சட்டைப் பொத்தான் ஒன்று தெரிந்தது.

சீனித்தம்பியின் கால் ஆட்டம் நின்றது. வீட்டிலிருந்து வெளிக்கிட்ட பிறகு முதன்முறையாக நின்றது. தண்ணீருக்குள் இறங்கி வலையைக் கையில் எடுத்தால் அப்படித்தான் நிற்கும்.

“ஐயா,” என்றார், “அந்த மந்திரிர படத்த இன்னொருக்காப் போட்டுக் காட்டுவீங்களா? பாக்கக்குள்ள மனசுக்கு ஒரு அமைதியா இரிந்தது.”

பணிப்பாளர் முகம் மலர்ந்தார். இத்தனை மாதத்தில் ஒரு விண்ணப்பதாரியும் இப்படிக் கேட்டதில்லை. படத்தின் மேலிருந்த கையை எடுத்து, தானே விசையை அழுத்தினார். மந்திரி திரை முழுக்க வந்தார். சீனித்தம்பியின் பார்வை எங்கே நிற்கிறது என்று காட்டும் சிவப்புப் புள்ளி மந்திரியின் மூக்கு நுனியில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். பத்து விநாடி. இருபது விநாடி. பணிப்பாளரும் நிலோஜனும் திரையோடு ஒட்டிப்போய் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மனிதன் எதைக் கவனிக்கிறான் என்பதை அவன் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது அவர்கள் படித்த படிப்பு.

சீனித்தம்பியின் இடது கை மேசையோரமாக ஊர்ந்தது.

கஜானி ஒரு தரம் கீழே பார்த்தாள். அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து திரையைப் பார்த்தாள்.

“கண்ண எடுக்காதீங்க ஐயா,” என்றாள். “இன்னும் கொஞ்ச நேரம்.”

“நாற்பது விநாடி,” என்றார் பணிப்பாளர் கிசுகிசுப்பாக. “ஒரு துளி அசைவில்லை. இதைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும்.”

சீனித்தம்பி வெளியே வந்தபோது ஆமினா உம்மா அதே கதிரையில் இருந்தார்.

“சரி வந்ததா மனே?”

“ஃபைல் இரிக்கு உம்மா. உங்கட படத்த உள்ள குடுக்க முதல் மந்திரிர படத்தப் போடச் சொல்லிக் கேளுங்க. அந்தக் கம்பியெல்லாம் மாட்டுற பொடிச்சி நல்ல புள்ள.”

ஆமினா உம்மா அவருடைய சட்டைப்பையைப் பார்த்தார். கடவுச்சீட்டுப் படத்தைத் தன் உள்ளங்கைக்குள் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

கல்லடிப் பாலத்தின் மேல் பஸ் போகும்போது சீனித்தம்பி பிரதீஸின் படத்தைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுத்தார். தலையில் பசை காய்ந்து முள்ளு முள்ளாக நின்றதால் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. கீழே வாவி இன்னும் கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. அவர் படத்தின் வலப்பக்கக் கீழ்மூலையைப் பார்த்தார். வலை இன்னும் விழவில்லை.

தை மாதம் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. “தங்கள் கோப்பு தரம் ஒன்று பெற்றுள்ளமையை மகிழ்ச்சியுடன் அறியத்தருகின்றோம். எனினும், அழிக்கப்பட வேண்டிய மூலப்படம் எமது பொறுப்பிலிருந்தபோது காணாமற் போயுள்ளது. இதனை நிலையம் மிகப் பாரதூரமாகக் கருதுகின்றது. தனிக் கோப்பு திறக்கப்பட்டு, ஐவர் கொண்ட தேடுதல் குழுவும் நியமிக்கப்பட்டுள்ளது. குழு பணியை ஆரம்பிப்பதற்கு வசதியாக, காணாமற்போன படத்தின் தெளிவான படம் ஒன்றை உடன் அனுப்பிவைக்கவும்.”

கந்தோர் கடிதத்துக்குச் சீனித்தம்பி வாழ்க்கையில் பதில் எழுதியதில்லை. அன்று எழுதினார். புடைவைக் கடைப் பைக்குள் கை விட்டு, பிரதீஸின் படத்தை ஒதுக்கி, அதற்குக் கீழே இருந்த நாற்பத்தொன்றில் ஒன்றை உருவி எடுத்து, பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து ஒரு பிழையில்லாமல் எழுதினார்.

“தங்களது கடிதம் கிடைக்கப்பெற்றது. விடயம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது.”